நங்கூரம் பிடித்ததா?

பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றும் விடுமுறை என்றதும் விரிந்த வெள்ளைப் பாயும் நீலக் கடலும்தான் கண்ணில் தோன்றும். போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும். தொட்டித் தண்ணீர் எத்தனை நாள் வந்தது, சாயங்காலம் படகை நிறுத்த இடம் கிடைத்ததா, ராத்திரி காற்றில் நங்கூரம் பிடித்து நின்றதா என்று பேசுவார்கள். ஒரு நாளில் பாய் விரித்து ஓடுவது மூன்று, நான்கு மணி நேரம். மீதி நேரம் முழுக்கப் படகு ஓர் இடத்தில் நிற்கிறது; அதில்தான் சமைக்கிறோம், குளிக்கிறோம், தூங்குகிறோம். எனவே ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நிறுத்தவும் தெரிய வேண்டும், சிக்கனமாகக் குடித்தனம் நடத்தவும் தெரிய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கரீபியன் கடலில், புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய 60 தீவுகளும் திட்டுகளும். மக்கள்தொகை சுமார் 30,000. பெரும்பாலோர் டோர்டோலா தீவில் வாழ்கிறார்கள். தலைநகர் ரோட் டவுனும் அங்கேதான். 1493-இல் தன் இரண்டாம் பயணத்தில் இந்தப் பக்கம் வந்த கொலம்பஸ், தீவுகளின் கூட்டத்தைப் பார்த்துப் புனித உர்சுலாவையும் அவருடன் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் 11,000 கன்னியரையும் நினைத்துப் பெயர் வைத்தார். ஆட்சி பிரிட்டனுடையது, புழங்கும் பணம் அமெரிக்க டாலர். 1969-இல் சார்லி கேரி, ஜின்னி கேரி என்ற தம்பதி ரோட் டவுனில் ஆறு பாய்மரப் படகுகளை வைத்துக்கொண்டு மூரிங்ஸ் என்ற வாடகை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று உலகிலேயே வாடகைப் பாய்மரப் படகுகள் மிக நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. அழகான தீவுகள் எங்கும் உண்டு. இங்கே பெரிய தீவுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. நடுவில் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் என்ற நீர்ப்பரப்பு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் பேரலைகளைத் தீவுகள் வெளியிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே அலை அடங்கியிருக்கும், காற்று மட்டும் தாராளமாக வரும். அடுத்த தீவு எப்போதும் கண்ணுக்குத் தெரியும். கடல் மட்டம் ஏறி இறங்குவதும் ஓர் அடி அளவுதான். கரை மறையாத கடலில், பெரிய அலையில்லாமல் நல்ல காற்றில் ஓடலாம். புதிதாகப் படகோட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? நிலநடுக்கோட்டுக்கு அருகில் வெயிலில் சூடான காற்று மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்து காற்று தெற்கு நோக்கி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் மேற்கே ஒதுங்கி, வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வீசுகிறது. இதற்கு வணிகக் காற்று என்று பெயர். நம் கடற்கரை மக்கள் கொண்டல் என்று சொல்லும் கிழக்குக் காற்று பருவத்துக்குத்தான் வரும். இவர்களுக்கோ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் கொண்டல்தான். வழக்கமான வேகம் 15 முதல் 20 நாட், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டர். டிசம்பர், ஜனவரியில் வடக்கே காற்றழுத்தம் கூடும்போது பல நாள் தொடர்ந்து 25 நாட்டுக்கும் மேல் வீசும். அங்குள்ளவர்கள் அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்பார்கள். பள்ளி விடுமுறை என்று அந்த வாரத்தையே தேர்ந்தெடுத்துப் போகும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

காற்று தள்ளித்தான் படகு நகர்கிறது என்று பலரும் நினைக்கிறோம். அது மட்டும் உண்மையென்றால் கிழக்குக் காற்றில் எல்லாப் படகுகளும் மேற்கே போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வரவே முடியாது. காற்று பக்கவாட்டில் வரும்போது வளைந்த பாயின் இரண்டு பக்கமும் அது வழிந்தோடுகிறது. பாயின் வெளிவளைவில் அழுத்தம் குறைகிறது. அந்தப் பக்கமாகப் பாய் இழுபடுகிறது. விமான இறக்கையை மேலே தூக்குவதும் இதே வேலைதான். அப்படியே விட்டால் படகு பக்கவாட்டில் சறுக்கிவிடும். அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான கீல் அதைத் தடுக்க, இழுவிசையில் எஞ்சுவது படகை முன்னே கொண்டுபோகிறது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை வரை நெருங்கிப் போகலாம். அதற்கு மேல் நெருங்கினால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். ஆகவே நேர் கிழக்கே இருக்கும் தீவுக்கு இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் போக வேண்டும். வரைபடத்தில் 10 கடல் மைல் என்றால் ஓட்டம் 14 மைல் ஆகிவிடும். 40 அடிப் படகு நல்ல காற்றிலும் 6, 7 நாட் வேகத்தில்தான் போகும். மிதிவண்டி வேகம்தான். திட்டம் போடும்போது இதை மறந்து ஒரே நாளில் மூன்று தீவு என்று எழுதிவைத்துக்கொள்கிறவர்கள் களைத்துப் போகிறார்கள்.

படகை எடுக்க மூன்று வழிகள் உண்டு. கேப்டனையும் சமையல்காரரையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கலாம். செலவு அதிகம், உங்களுக்கு வேலை இல்லை. படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டலாம்; அதற்கு உங்கள் கடல் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், எத்தனை அடிப் படகை எங்கே எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள், சந்தேகம் வந்தால் ஒருவரை உடன் அனுப்பிச் சோதிப்பார்கள். மூன்றாவது, படகோடு ஒரு கேப்டனை மட்டும் அமர்த்திக்கொள்வது. முதல் முறை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். அவருக்கு ஒரு படுக்கை அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. பதிலுக்கு, எந்த விரிகுடாவில் எந்த நேரம் இடம் கிடைக்கும், எந்தக் காற்றில் எங்கே தூக்கம் வராது என்ற அறிவு உங்கள் படகில் ஏறுகிறது. ஆர்வம் உள்ளவர்கள் அவரிடம் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொள்ளலாம். பயிற்சிப் பள்ளியில் ஒரு மாதம் படித்தாலும் வராத பல விஷயங்கள் இந்த ஒரு வாரத்தில் கைக்கு வரும்.

ஒற்றை உடல் படகா, கேட்டமரானா என்பது அடுத்த கேள்வி. ஒற்றை உடல் படகு காற்றில் 15, 20 பாகை சாய்ந்தே ஓடும். சாய்ந்து ஓடும்போது கிடைக்கும் உணர்ச்சி தனி. ஆனால் புறப்படும் முன் தட்டு, டம்ளர், மடிக்கணினி எல்லாவற்றையும் எடுத்து அடைக்காவிட்டால் எல்லாம் தரைக்கு வந்துவிடும். கேட்டமரான் இரண்டு உடல்களை அகலமாக இணைத்தது. சாயாது, இடம் தாராளம், ஆழம் குறைந்த நீரிலும் போகும், வாடகை கூடுதல். குழந்தைகளும் வயதானவர்களும் வந்தால் கேட்டமரானே நல்லது. அந்தப் பெயர் நம் கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் கேட்ட சொல்லை ஐரோப்பியர்கள் ஆங்கிலத்துக்கு எடுத்துப் போனார்கள். இரட்டை உடல் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது, பெயர் தமிழ்.

இனி குடித்தனம். படகின் தொட்டியில் 600 லிட்டர் நன்னீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஏழு நாள். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 14 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். குளிக்க, பல் தேய்க்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குடம். வழியில் நிரப்பிக்கொள்ளும் இடங்கள் உண்டு, சில படகுகளில் கடல்நீரை நன்னீராக்கும் கருவியும் உண்டு. ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கடலில் குளித்துவிட்டு, ஏறும்போது பின்பக்கக் குழாயில் ஒரு சொம்பு அளவு நன்னீரில் உப்பை அலசிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

மின்சாரமும் அப்படித்தான். எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. அதிகம் குடிப்பது குளிர்பெட்டி. நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் எஞ்சினை ஓட்டியோ சூரியத் தகட்டாலோ பேட்டரியை நிரப்ப வேண்டும். சமையலுக்குச் சிலிண்டர் அடுப்பு. படகு ஆடினாலும் சட்டி நிமிர்ந்தே நிற்கும்படி பல படகுகளில் அடுப்பைத் தொங்கவிட்டிருப்பார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கர் படகுக்கென்றே செய்த பாத்திரம் என்பேன். மூடி பூட்டிக்கொள்வதால் சாய்ந்தாலும் சிந்தாது, எரிவாயு மிச்சம், தண்ணீர் மிச்சம், சமையல் அறையும் சூடாகாது. பெட்டியில் ஒரு மூன்று லிட்டர் குக்கருக்கு இடம் ஒதுக்குங்கள். கழிப்பறையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பலவற்றில் கையால் பம்ப் அடித்துத்தான் வெளியேற்ற வேண்டும், குழாய் குறுகலானது. காகிதமோ முடியோ போட்டால் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியது நீங்கள்தான். தண்ணீர் பயன்படுத்தும் நம் பழக்கம் இங்கே பெரிய வசதி.

குமட்டல் பலரும் அஞ்சும் விஷயம். உட்காது ஆட்டத்தை உணர்கிறது, அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் ஆடவில்லை என்கிறது; இந்த முரண்தான் குமட்டல். மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஓடும் படகில் கீழே இறங்கிப் புத்தகம் படிக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, புறப்படும் முன்பே சாப்பிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு பலன் குறைவு. பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று நாளில் உடல் பழகிவிடும்.

காலையில் சீக்கிரம் புறப்பட்டு, மதியம் இரண்டு மணிக்குள் அடுத்த இடத்தில் நின்றுவிடுவதுதான் இங்குள்ள நடைமுறை. இருட்டிய பிறகு படகை ஓட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களிலேயே இருக்கும். விரிகுடாக்களில் அடியில் பொருத்திய கயிற்றோடு மிதவைகள் இருக்கும். ஓரிரவுக்கு 30 டாலருக்கு மேல் கட்டணம். சிலவற்றை அன்று காலை ஏழு மணிக்குச் செயலியில் பதிவு செய்யலாம். மற்றவை முந்தி வருகிறவர்களுக்கு. மிதவையைப் பிடிக்கக் காற்றுக்கு எதிராக மெதுவாக வர வேண்டும். ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நீண்ட கொக்கிக் கம்போடு நின்று கயிற்றைத் தூக்குவார். படகின் கயிற்றை மிதவைக் கண்ணியில் கோத்து மீண்டும் படகிலேயே கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அணியத்தில் இருப்பவருக்கும் சுக்கானில் இருப்பவருக்கும் நடுவே காற்றில் பேச்சு கேட்காது. கூச்சல் போட்டுக் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் போவது இந்த இடத்தில்தான். கைச்சாடையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மிதவை கிடைக்காவிட்டால் நங்கூரம். பலர் நங்கூரத்தின் எடைதான் படகை நிறுத்துகிறது என்று நினைக்கிறார்கள். எடையைவிட, அது மணலில் புதைந்து பிடிப்பதுதான் முக்கியம். சங்கிலி தரையோடு கிடையாக இழுத்தால் நங்கூரத்தின் நுனி ஆழமாகத் தோண்டிக்கொள்ளும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் சங்கிலியை நீளமாக விட வேண்டும். ஆழம் 5 மீட்டர், தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஆக 6. குறைந்தது அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டர். காற்று பலமானால் ஏழு மடங்கு. விட்ட பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டு, அந்தக் கோடு மாறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக முகமூடி போட்டுக்கொண்டு நீந்திப் போய், நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இளஞ்சூடான, அடி தெரியும் அந்தத் தண்ணீரில் இது வேலையாகவே தெரியாது. பவளத்தின் மேல் மட்டும் நங்கூரம் போடக் கூடாது. ஒரு நொடியில் உடைவது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். தேசியப் பூங்கா அறக்கட்டளை மிதவைகளை அமைத்ததே பவளத்தை நங்கூரங்களிடமிருந்து காப்பாற்றத்தான்.

நங்கூரம் பிடிபடாமல் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பிடித்த நங்கூரம் வெளியே வராமலும் கப்பல் அழிந்திருக்கிறது. 1867 அக்டோபர் 29 அன்று ரோன் என்ற பிரிட்டிஷ் தபால் கப்பல் பீட்டர் தீவின் கிரேட் ஹார்பரில் நின்றுகொண்டிருந்தது. சூறாவளி வந்தது. புயலின் கண் கடந்துபோன அமைதியில், திறந்த கடலுக்குப் போய்விடுவது பாதுகாப்பு என்று கேப்டன் முடிவு செய்தார். நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. சங்கிலியோடு விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். புயலின் மறுபாதி எதிர்த்திசையிலிருந்து அடித்து, கப்பலை சால்ட் தீவின் பாறையில் மோதவைத்தது. குளிர்ந்த கடல்நீர் பட்டு கொதிகலன் வெடித்தது, கப்பல் இரண்டாகப் பிளந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் மிச்சங்களை இன்று முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். விட்டுப்போன நங்கூரம் கிரேட் ஹார்பரின் அடியில் கிடக்கிறது.

தீவுகளில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், இரண்டைச் சொல்வேன். ஒன்று வர்ஜின் கோர்டா தீவின் பாத்ஸ். வீட்டளவு கருங்கல் உருண்டைகள் கடற்கரையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கின்றன. நடுவே குகைபோன்ற இடைவெளிகளில் கடல்நீர் தேங்கி, மேலிருந்து வெயில் கீற்றாக இறங்குகிறது. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். அங்கே இரவு தங்க அனுமதியில்லை, பகல் மிதவைகளுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. மற்றது அனெகாடா. மற்ற தீவுகள் எரிமலைப் பாறை மலைகள், டோர்டோலாவின் சேஜ் மலை 523 மீட்டர். அனெகாடாவோ பவளச் சுண்ணாம்பில் ஆன தட்டைத் தீவு, மிக உயர்ந்த இடமே 28 அடி. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மூழ்கியது என்று பொருள். வர்ஜின் கோர்டாவிலிருந்து ஏறக்குறைய 15 கடல் மைல். நெருங்கும்வரை தீவே தெரியாது, முதலில் தெரிவது தென்னை மரத் தலைகள். சுற்றிலும் ஹார்ஸ்ஷூ என்ற நீண்ட பவளத்திட்டு. நூற்றுக்கணக்கான கப்பல்கள் அதில் மோதி உடைந்திருக்கின்றன. சூரியன் உச்சியில் இருக்கும் நேரத்தில்தான் உள்ளே நுழைய வேண்டும். அப்போதுதான் நிறம் பார்த்து ஆழம் சொல்ல முடியும்: அடர்நீலம் ஆழம், பச்சை கலந்த வெளிர்நீலம் மணல், பழுப்பு என்றால் பவளம், கிட்டப் போகாதே. துறைமுக வழியைக் காட்டும் மிதவைகளிலும் ஒரு கவனம் தேவை. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்கும். அமெரிக்கக் கண்டங்களில் அது வலப்பக்கம். நம் ஊரில் பழகியவர்கள் இதை மாற்றிப் படிக்கப் பழக வேண்டும்.

சில எச்சரிக்கைகள். கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் காய்க்கும் மான்சினீல் மரத்தின் காயைத் தின்னக் கூடாது. மழையில் அதன் அடியில் ஒதுங்கினாலும், பால் கலந்து சொட்டும் நீர் தோலைக் கொப்பளிக்க வைக்கும். மீன்பிடிக்க வெளியூர்க்காரர்களுக்கு உரிமம் வேண்டும். பவளத்திட்டில் வாழும் பெரிய பரகுடா போன்ற மீன்களில் சமைத்தாலும் போகாத நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். உள்ளூர்க்காரர் சாப்பிடாததைச் சாப்பிடாதீர்கள். பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் கலந்த வெயில் களிம்புகளை அருகிலுள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகள் 2020 முதல் தடைசெய்திருக்கின்றன. துத்தநாக ஆக்சைடு களிம்பும் முழுக்கைச் சட்டையும் போதும்.

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் நிலைச் சூறாவளியான இர்மா இந்தத் தீவுகளின் மேலேயே கடந்தது. பாதுகாப்பான இடம் என்று பராக்கீட்டா விரிகுடாவில் நெருக்கிக் கட்டியிருந்த நூற்றுக்கணக்கான வாடகைப் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மலைகளில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. வீடுகளை இழந்த மக்கள் அந்த நிலையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் எல்லாப் பொருளையும் வெளியிலிருந்து கட்டிக்கொண்டு போகாமல், உள்ளூர்க் கடைகளிலும் கரையோரச் சாப்பாட்டுக் கடைகளிலும் செலவு செய்வது நியாயம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரைத் தவிருங்கள். கூட்டமும் கடுங்காற்றும் வேண்டாம் என்றால் ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை.

செலவு கணக்கிடும்போது படகு வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். சேதக் காப்பீடு அல்லது வைப்புத் தொகை, கேப்டன் சம்பளம், டீசல், மிதவைக் கட்டணம், ஆளுக்கும் நாளுக்குமாகப் போடும் வரி, விமானம் என எல்லாம் சேரும். ஆறு அல்லது எட்டு பேர் பகிர்ந்துகொண்டால்தான் தாங்கும். பலர் அமெரிக்காவின் சான் ஹுவான் அல்லது செயின்ட் தாமஸ் வழியாகப் போகிறார்கள். அந்த வழியில் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம்.

இவ்வளவு தூரம் போய்த்தான் முதல் பாடம் படிக்க வேண்டும் என்றில்லை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது, பாய்மரப் படகுப் பயிற்சி அளிக்கிறது. முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு முழக் கயிற்றை வைத்துக்கொண்டு நான்கு முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள். சின்னப் படகு ஒன்றில் ஒரு பருவம் காற்றோடு பழகிவிட்டு, அதன் பிறகு டிரேக் கால்வாய்க்குப் புறப்படுங்கள்.